ஒன்பது இதயம், மூன்று சிங்கம், நாலு காசு

எங்கள் வீட்டு அஞ்சறைப் பெட்டியில், சீரகம் போடும் கிண்ணத்துக்கு அடியில், ஒரு செப்புக் காசு பல வருஷம் கிடந்தது. அம்மாவைப் பெற்ற ஆயா கொடுத்தது. ஆயாவின் பிறந்த ஊர் பொறையாறு. தாத்தாவுக்கு ஹார்பரில் வேலை கிடைத்து இந்தப் பக்கம் குடிவந்தவர்கள். "டேனிஷ்காரன் காசுடா, தொலைச்சிடாதே" என்பாள். காசு விரல் நகம் அளவுதான். ஒரு பக்கம் சின்னக் கிரீடம். அதற்குக் கீழே கொடி போலப் பின்னிக்கொண்ட எழுத்துகள். சிறு வயதில் அதை ஏதோ தாயத்து எழுத்து என்றே நினைத்திருந்தேன்.

மறுபக்கம் பள்ளிக்கூடத்து ஆங்கிலத்துக்கே படிக்க வந்தது. மேலே நான்கு என்ற ரோமன் எண். கீழே 'காஸ்' என்று மூன்று எழுத்து. அதற்கும் கீழே ஆண்டு இருந்த இடம். அதில் 18 மட்டும் தெரியும், மிச்சம் தேய்ந்துவிட்டது. 'காஸ்' என்றால் நம்முடைய காசுதான் என்பது புரிவதற்கு எனக்குப் பல வருஷம் ஆனது. ஐரோப்பாவிலிருந்து வந்த ராஜா தன் நாணயத்தின் ஒரு பக்கத்தில் தன் பெயரைப் போட்டுக்கொண்டான். இன்னொரு பக்கத்தில் நம் சொல்லை, அவன் எழுத்தில் எழுதினான். 80 காசு சேர்ந்தால் ஒரு பணம். 8 பணம் சேர்ந்தால் ஒரு ரூபாய். தரங்கம்பாடிக் கடைத்தெருவில் நடந்த கணக்கு இது.

ரிட்டயர் ஆனதும், 2012-ல், அந்தக் காசைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தரங்கம்பாடிக்குப் போனேன். பாண்டிச்சேரி, சிதம்பரம், சீர்காழி என்று பஸ். பொறையாறுக்குப் பக்கத்தில்தான் தில்லையாடி. மணலிக்காரர்கள் அந்த ஊர்ப் பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார வேண்டும். இராம நாடகம் எழுதிய அருணாசலக் கவிராயர் தில்லையாடியில் பிறந்தவர், பிறகு சீர்காழியில் வாழ்ந்தவர். சென்னைப்பட்டினத்தில் அவரை ஆதரித்த வள்ளல் நம் மணலி முத்துக்கிருஷ்ண முதலியார், கவர்னர் பிகாட்டிடம் துபாஷாக இருந்தவர். கவிராயர் பிறந்த ஊரிலிருந்து நடக்கிற தூரத்தில் அப்போது டென்மார்க் ராஜாவின் கொடி பறந்துகொண்டிருந்தது.

தரங்கம்பாடிக்குள் நுழைந்ததும் வெள்ளையடித்த கோட்டை வாசல் நிற்கிறது. 1792 என்று ஆண்டும், மேலே கிரீடத்தோடு ராஜ முத்திரையும் இருக்கின்றன. அதைத் தாண்டி கிங் ஸ்ட்ரீட்டில் நடந்தால் புதிய எருசலேம் ஆலயம். 1718-ல் கட்டியது. நம் மொழியில் அச்சுப் புத்தகம் போட்ட சீகன்பால்கு அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். ஆலயத்தின் முகப்பிலும் ஒரு கிரீடம், அதன் கீழே பின்னிய எழுத்துகள். என் காசை எடுத்து நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்தேன். குடும்பம் ஒன்று, ஆள் வேறு என்று தெரிந்தது. கடற்கரையில் டான்ஸ்பர்க் கோட்டைக்குள் இருக்கும் மியூசியத்தில் பழைய காசுகளைப் பார்த்த பிறகுதான் சூட்சுமம் பிடிபட்டது.

சூட்சுமம் சுலபமானது. டென்மார்க் ராஜாக்களுக்கு இரண்டே பெயர். 1513 தொடங்கி அப்பா கிறிஸ்டியன் என்றால் அவருக்குப் பின் பிரெடரிக், அவருக்குப் பின் மறுபடி கிறிஸ்டியன். நம் வீடுகளில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது போலத்தான். அதனால் முத்திரையில் 'சி' அல்லது 'எஃப்', பக்கத்தில் ஓர் எண், அவ்வளவு இருந்தால் போதும். எந்தக் காலத்துக் கட்டடம், எந்தக் காலத்துக் காசு என்று சொல்லிவிடலாம். ஆலயத்து முகப்பில் இருப்பது நான்காம் பிரெடரிக், சீகன்பால்கை அனுப்பி வைத்தவர். வாசல் கட்டிய 1792-ல் ஆண்டவர் ஏழாம் கிறிஸ்டியன். என் காசில் 'எஃப்', 'ஆர்' என்ற இரண்டு எழுத்தும் ரோமன் ஆறும் இருந்தன. 'ஆர்' என்பது ராஜா என்பதற்கான லத்தீன் சொல்லின் முதல் எழுத்து. ஆக, ஆறாம் பிரெடரிக். 1808 முதல் 1839 வரை ஆண்டவர். ஆயாவின் ஆயா காலத்துக் காசு.

முத்திரையில் இருப்பது பெயரின் சுருக்கம்தான். முழுச் சின்னம் வேறு. அது ஒரு கேடயம். தங்க நிறப் பின்னணியில் மூன்று நீலச் சிங்கங்கள், ஒவ்வொன்றின் தலையிலும் கிரீடம், சுற்றிலும் ஒன்பது சிவப்பு இதயங்கள். 1190-களில் ஆறாம் கனூட் என்ற ராஜாவின் முத்திரையிலேயே இது இருக்கிறது. அந்த இதயங்கள் முதலில் இதயங்களே இல்லையாம். நீரில் மிதக்கும் அல்லி இலைகள். வரைந்து வரைந்து, காலப்போக்கில் இதயமாகிவிட்டன. எண்ணிக்கையும் மாறி மாறி இருந்து, 1819-ல்தான் ஒன்பது என்று நிலைத்தது. தரங்கம்பாடியை ஆண்ட டென்மார்க் ராஜாக்களை எண்ணிப் பார்த்தேன். நான்காம் கிறிஸ்டியன் முதல் எட்டாம் கிறிஸ்டியன் வரை, அவர்களும் ஒன்பது பேர். தற்செயல்தான். ஆனாலும் அன்று பஸ்ஸில் திரும்பும்போது விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தேன்.

இந்தக் கேடயச் சின்னங்கள் எப்படி வந்தன என்பதை நம் பக்கத்துக்காரர்களுக்கு விளக்குவது எளிது. காசிமேட்டில் படகு கரைக்கு வரும்போது தூரத்திலேயே நிறத்தைப் பார்த்து யார் படகு என்று சொல்லிவிடுவார்கள். சண்டைக்களத்தில் முகத்தை இரும்பு மூடியால் மறைத்துக்கொண்ட வீரனுக்கும் அதே தேவை. கேடயத்தில் பளிச்சென்று ஒரு படம் போட்டுக்கொண்டான். அப்பாவின் படம் மகனுக்கு வந்தது. பிறகு அதையே மெழுகில் பதித்துக் கையெழுத்துக்குப் பதிலாக வைத்தார்கள். கல்யாணத்தில் ஒரு நாடு வந்தால் கேடயத்தில் ஒரு கட்டம் கூடும். சண்டையில் இன்னொரு நாடு வந்தால் இன்னொரு கட்டம். சர்வே எண்ணுக்கு உட்பிரிவு போட்டு 2ஏ, 2பி என்று பிரிப்போமே, அதே மாதிரி. கேடயத்தைப் பார்த்தால் அந்த ராஜா எதையெல்லாம் தன்னுடையது என்று சொல்கிறான் என்று தெரியும். வண்ணத்தில் எழுதிய பட்டா அது.

இது நமக்குப் புதிதும் இல்லை. திருவள்ளூருக்கு அந்தப் பக்கம் இருக்கும் திருவாலங்காட்டுச் செப்பேட்டின் முத்திரையில் சோழனின் புலி உட்கார்ந்திருக்கிறது. பக்கத்திலேயே பாண்டியனின் இரண்டு மீன், சேரனின் வில். மூன்று பேர் நிலமும் என்னுடையது என்று ராஜேந்திர சோழன் சொல்கிற விதம் அது. பட்டாவில் அடுத்தவன் பெயரையும் சேர்த்துவிட்டான்.

டென்மார்க்கில் இந்த வழக்கம் ஒரு சண்டையையே மூட்டியது. 1397 முதல் 1523 வரை டென்மார்க், நார்வே, ஸ்வீடன் மூன்றும் ஒரே ஒன்றியமாக இருந்தன. 1523-ல் ஸ்வீடன் பிரிந்து போய்விட்டது. ஸ்வீடனின் சின்னம் மூன்று கிரீடம். நாடு போன பிறகும் டென்மார்க் ராஜா மூன்று கிரீடத்தைத் தன் கேடயத்தில் வைத்துக்கொண்டார். ஸ்வீடன் ராஜா பதினான்காம் எரிக் சும்மா இருப்பாரா? பதிலுக்கு டென்மார்க், நார்வே சின்னங்களைத் தன் கேடயத்தில் போட்டுக்கொண்டார். 1563-ல் தொடங்கி 1570 வரை ஏழு வருஷம் நடந்த போருக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் இந்தப் படமும் ஒரு காரணம். 1613-ல் இன்னொரு சண்டை முடிந்தபோது, இரண்டு பேருமே மூன்று கிரீடத்தை வைத்துக்கொள்ளலாம் என்று சமாதானம் ஆனது. ஆனால் அதைக் காட்டி டென்மார்க் ஸ்வீடனை உரிமை கேட்கக் கூடாது. படம் உனக்கு, நிலம் எனக்கு.

அதைவிட எனக்கு வேடிக்கையாகத் தெரிந்தது கேடயத்தின் நடுவில் இருக்கும் சின்னக் கேடயம். தங்க நிறத்தில் குறுக்கே இரண்டு சிவப்புப் பட்டை. அது ஓல்டன்பர்க் என்ற ஊரின் சின்னம். இப்போது ஜெர்மனியில் இருக்கிறது. அந்த ஊரின் பிரபு ஒருவரை 1448-ல் டென்மார்க்காரர்கள் கூப்பிட்டு ராஜாவாக்கினார்கள். முதலாம் கிறிஸ்டியன். அந்த வம்சத்துக்குப் பூர்வீக ஊரின் பெயரே நிலைத்துவிட்டது, ஓல்டன்பர்க் வம்சம். பூர்வீக நிலத்தை 1773-ல் விட்டுக்கொடுத்தார்கள். நேர் வாரிசும் 1863-ல் தீர்ந்து, கிளைக் குடும்பம் வந்தது. இரண்டு சிவப்புப் பட்டை மட்டும் இன்றைக்கும் நட்ட நடுவில் இருக்கிறது.

தரங்கம்பாடிக்கு வருவோம். 1620-ல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கருக்கும், நான்காம் கிறிஸ்டியன் அனுப்பிய ஓவே யெட்டே என்ற தளபதிக்கும் ஒப்பந்தம் ஆனது. நாயக்கர் தங்கத் தகட்டில் தமிழில் எழுதி அனுப்பிய கடிதம் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கிறது. கோட்டை கட்டினார்கள், கொடி ஏற்றினார்கள். ஆனால் தஞ்சாவூருக்கு வருஷா வருஷம் பணம் கட்டிக்கொண்டும் இருந்தார்கள். நாயக்கர் போய் மராட்டியர் வந்த பிறகும் கட்டினார்கள். வாசலில் ராஜாவின் முத்திரை. உள்ளே இருப்பவர் என்னவோ குடித்தனக்காரர்.

அந்தக் குடித்தனமும் ஒரு கட்டத்தில் ஒற்றை ஆளாகிவிட்டது. 1640-களுக்குப் பிறகு டென்மார்க்கிலிருந்து கால் நூற்றாண்டுக்குக் கப்பலே வரவில்லை. கம்பெனியையே 1650-ல் மூடிவிட்டார்கள். இங்கே இருந்த டேனிஷ்காரர்கள் ஒவ்வொருவராகச் செத்தும் போயும், கடைசியில் எஸ்கில்ட் கோங்ஸ்பக்கே என்ற சாதாரண ஆள் ஒருவர் மட்டும் மிஞ்சினார். அவர் கோட்டையைக் காலி செய்யவில்லை. உள்ளூர் ஆட்களை வைத்துக்கொண்டு காவல் காத்தார், ஊரைச் சுற்றி மதில் எழுப்பினார், கொடியை இறக்கவில்லை. 1669-ல் ஒரு கப்பல் வந்து சேர்ந்தது. அதன் பெயர் ஃபேரோ. டென்மார்க்குக்குச் சொந்தமான தீவுகளின் பெயர்.

225 வருஷம் இப்படி இருந்துவிட்டு, 1845-ல் தரங்கம்பாடியையும் வங்காளத்து செராம்பூரையும் சேர்த்து 12½ லட்சம் ரூபாய்க்கு இங்கிலீஷ் கம்பெனியிடம் விற்றுவிட்டார்கள்.

ஒரு விஷயம் மனதை உறுத்துகிறது. பிற்காலத்து டென்மார்க் கேடயத்தில் கிரீன்லாந்துக்கு ஒரு வெள்ளைக் கரடி உண்டு. ஃபேரோ தீவுகளுக்கு ஓர் ஆட்டுக்கடா உண்டு. 225 வருஷம் கைவசம் இருந்த தரங்கம்பாடிக்கு ஒரு மீன்கூட இல்லை. கேடயத்தைச் சுற்றி மாலையாக யானைகள் இருக்கின்றனவே என்று முதலில் சந்தோஷப்பட்டேன். முதுகில் கோபுரம், கழுத்தில் கறுப்பாக ஒரு பாகன். விசாரித்தால், அது யானை விருது என்ற அவர்களின் உயர்ந்த விருதின் மாலை. தரங்கம்பாடிக்கு வருவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே அங்கே இருக்கிறது. யானையும் நம்முடையது இல்லை. அவர்கள் நம் வாசலிலும் கோயிலிலும் காசிலும் முத்திரை குத்தினார்கள். அவர்கள் கேடயத்தில் நாம் ஏறவில்லை. நமக்கென்று இருப்பது அந்தக் காசின் பின்பக்கம் மட்டும்தான், 'காஸ்'.

இதையெல்லாம் இவ்வளவு அக்கறையாக ஏன் எழுதுகிறேன் என்று நினைப்பீர்கள். காரணம் என் அப்பா.

1960-களில் மணலியில் தொழிற்சாலைகளுக்காக நிலம் எடுத்தபோது எங்கள் நன்செய்யும் போனது. இரண்டு ஏக்கர் சொச்சம், ஏரிப் பாசனம். எந்தத் தொழிற்சாலை என்று இப்போது எதற்கு? எனக்கு அப்போது பன்னிரண்டு வயது இருக்கும். ஒருநாள் வரப்பு ஓரத்தில் புதிதாகக் கல் நட்டிருந்தார்கள். அதில் இரண்டு ஆங்கில எழுத்து வெட்டி, கறுப்பு மை பூசியிருந்தது. அப்பா அந்தக் கல்லையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். நஷ்ட ஈடு வந்தது, தாமதமாக, கொஞ்சம் கொஞ்சமாக. 1975-ல் எனக்கு வேலை கிடைத்தது, அதே எழுத்து பொறித்த கேட்டுக்கு உள்ளே. 36 வருஷம் அந்த எழுத்து போட்ட பேட்ஜைச் சட்டையில் குத்திக்கொண்டு போனேன். என் சோற்றைப் போட்ட எழுத்து அது, குறை சொல்ல மாட்டேன்.

அப்பா மட்டும் மாறவில்லை. பழைய பட்டா, கிஸ்தி ரசீது எல்லாவற்றையும் டிரங்குப் பெட்டியில் மஞ்சள் துணியில் கட்டி வைத்திருந்தார். ஊர் பேர் கேட்பவர்களிடம் "ஏரிக்குக் கீழே ரெண்டு ஏக்கர் நமக்கு" என்பார். இருக்கிறது என்றும் சொல்ல மாட்டார், இருந்தது என்றும் சொல்ல மாட்டார். என் கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போன இடத்திலும் அதையே சொன்னார். எனக்கு அவமானமாகப் போய்விட்டது. வீட்டுக்கு வந்து, "இல்லாத நிலத்தை எதுக்குப்பா சொல்றீங்க?" என்று கத்தினேன். அவர் ஒன்றும் பேசவில்லை. ஆனால் அடுத்த வீட்டிலும் அதையேதான் சொன்னார்.

அப்பா போன பிறகு வீட்டை இடித்துக் கட்டினோம். டிரங்குப் பெட்டி துருப்பிடித்திருந்தது. அந்த மஞ்சள் துணிக் கட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டேன். அவர் தராசில் வைத்தார், நான் காசு வாங்கிக்கொண்டேன். நினைத்துப் பார்க்கவே இல்லை.

2024 டிசம்பரில் டென்மார்க்கில் ஒரு செய்தி வந்தது. புது ராஜா பத்தாம் பிரெடரிக் அந்த வருஷம்தான் பட்டத்துக்கு வந்தவர். அவர் கேடயத்தை மாற்றி வரையச் சொல்லியிருக்கிறார். 2025 ஜனவரி முதல் புதுச் சின்னம். கிரீன்லாந்தை விலைக்கு வாங்குவதாக அமெரிக்காவில் பேச்சு அடிபட்ட நேரம் அது. வெள்ளைக் கரடிக்குத் தனிக் கட்டம், ஆட்டுக்கடாவுக்குத் தனிக் கட்டம். இடம் வேண்டுமே? மூன்று கிரீடத்தை எடுத்துவிட்டார்கள். ஸ்வீடன் பிரிந்துபோய் 500 வருஷம் ஆன பிறகு.

என் பேரன் கைப்பேசியில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினான். பழைய சின்னம் ஒரு பக்கம், புதியது ஒரு பக்கம். மூன்று கிரீடம் இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். 500 வருஷம் ஒரு நாடு, இல்லாத நிலத்தைத் தன் பட்டாவில் எழுதி வைத்திருந்தது. அதை யாரும் பைத்தியக்காரத்தனம் என்று சொல்லவில்லை. பாரம்பரியம் என்றார்கள். எடுத்ததும் உலகப் பத்திரிகைகளில் செய்தி. எங்கள் அப்பா இருபது, முப்பது வருஷம் வைத்திருந்தார். அதற்கு நான் அவரைக் கத்தினேன், பிறகு எடைக்குப் போட்டேன்.

அந்த ரசீதுகளை வைத்து அவர் யாரிடமும் போய் நிலம் கேட்டதில்லை. 1613-ல் டென்மார்க் ராஜா ஒப்புக்கொண்ட அதே கணக்கு. படம் எனக்கு, நிலம் உனக்கு. அந்த அளவுக்குக்கூட நான் அவருக்கு விட்டுக்கொடுக்கவில்லை.

காசு பத்திரமாக இருக்கிறது. அஞ்சறைப் பெட்டியிலிருந்து எடுத்து, ஒரு சின்ன டப்பாவில் பஞ்சு வைத்துப் போட்டிருக்கிறேன். கூடவே ஒரு தாள். எங்கள் நிலத்தின் சர்வே எண், நாலு எல்லை, மடை எந்தப் பக்கம், எந்த வருஷம் வரை பயிர் வைத்தோம் என்று நினைவில் இருந்ததை எல்லாம் பேரனை விட்டு எழுதி வைத்திருக்கிறேன். "எதுக்குத் தாத்தா, இப்ப அங்கே டேங்க்தானே நிக்குது?" என்று கேட்டான். "சும்மா இருக்கட்டும்டா" என்றேன்.

உங்கள் வீட்டு அஞ்சறைப் பெட்டியிலோ டிரங்குப் பெட்டியிலோ இப்படி ஏதாவது இருந்தால், தயவு செய்து எடைக்குப் போடாதீர்கள். காசு என்றால் கிரீடத்துக்குக் கீழே என்ன எழுத்து, என்ன எண் என்று பாருங்கள். காகிதம் என்றால் யார் பெயர் என்று பாருங்கள். வீட்டில் பெரியவர்கள் உயிரோடு இருந்தால், அவர்களிடம் ஒரு முறை கேட்டும் வையுங்கள்.